கோலார் தங்கவயல்: தங்கம் தீர்ந்ததா, கட்டுபடியாகாமல் போனதா?

வெண்கலப்பானை
‘கே.ஜி.எஃப்’ படம் வந்ததிலிருந்து தங்கவயலைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்றாங்க. எனக்கு மூணு சந்தேகம். 2001ல மூடினது தங்கம் தீர்ந்ததாலயா? ஊருக்கு நடுவுல நிக்கிற சைனைடு மேட்டுல, அதாவது தங்கம் பிரிச்ச பிறகு கொட்டின கழிவு மண்ணுல, இன்னும் தங்கம் இருக்குன்னா ஏன் எடுக்கல? கர்நாடகத்துக்குள்ள இருக்கிற ஊரு எப்படி இவ்வளவு தமிழா இருக்கு? ஒரு நாள் நேர்ல போய்ப் பார்க்கிற யோசனையும் இருக்கு. விவரம் தெரிஞ்சவங்க எழுதுங்க.

கேஜ்மணி
முதல் கேள்விக்கு ஒரு கணக்கு போட்டாலே பதில் கிடைச்சிடும்.

ஆரம்ப காலத்துல ஒரு டன் தாதுக்கு 47 கிராம் வரை தங்கம் கிடைச்சது. கடைசியில அது 3 கிராம் பக்கம் இறங்கிடுச்சு. 47 கிராம்னா ஒரு கிலோ தங்கத்துக்கு 21 டன் கல்லை மேல ஏத்தினா போதும். 3 கிராம்னா 330 டன்னுக்கு மேல ஏத்தணும். அந்த 21 டன் சில நூறு அடி ஆழத்துல இருந்து வந்தது. இந்த 330 டன்னோ, பல இடங்கள்ல, 2 கிலோமீட்டருக்கும் கீழ இருந்து வரணும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியா போன ஆழம் ஏறக்குறைய 3,200 மீட்டர்.

அவ்வளவு ஆழத்துக்கு ஒரே கேஜ்ல, அதாவது ஆளை இறக்குற கூண்டுல, இறங்க முடியாது. கம்பிவடத்தோட எடையே ஒரு அளவுக்கு மேல தாங்காது. மேலேயிருந்து ஒரு ஷாப்டுல (செங்குத்துக் குழி) இறங்கி, கீழே டிரைவ் (படுக்கைவாட்டச் சுரங்கப் பாதை) வழியா நடந்து, அங்க இன்னொரு ஷாப்டுல வடத்தை இழுக்கத் தனி வைண்டிங் இன்ஜின் வச்சு அடுத்த கட்டம் இறங்கணும். கல்லும் அதே மாதிரி கை மாறித்தான் மேல வரும். எட்டு மணி நேர ஷிப்டுல போறதுக்கும் வர்றதுக்கும் போக, கல்லை வெட்டுற முகத்துல வேலை நடக்கிற நேரம் எவ்வளவுன்னு யோசிச்சுக்கோங்க.

இதோட தண்ணி இறைக்கிற செலவு, காத்து அனுப்புற செலவு, குளிரூட்டுற செலவு. இது மூணும் தங்கம் கிடைச்சாலும் கிடைக்காட்டாலும் 24 மணி நேரமும் ஓடியே ஆகணும். தங்கம் தீரல. ஒரு கிராம் எடுக்க ஆன செலவு அதோட விலையைத் தாண்டிப் போச்சு.

பழங்கணக்கு
நண்பர் கேஜ்மணி சொன்ன 47 கிராமை எல்லாக் காலத்துக்கும் பொருத்திவிடக் கூடாது. 120 ஆண்டுகளில் சுமார் 5.1 கோடி டன் தாது அரைத்து 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்திருக்கிறார்கள். சராசரி டன்னுக்கு 15, 16 கிராம்தான் வருகிறது. உலக அளவில் அதுவே மிக நல்ல தரம்.

விலையிலும் ஒரு சிக்கல் இருந்தது. 1956ல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது, 1962ல் அவை மத்திய அரசிடம் போயின, 1972ல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது. தேசியமயமான தொடக்க ஆண்டுகளில் எடுத்த தங்கத்தை வெளிச்சந்தை விலைக்கு விற்கவில்லை. அதைவிடக் குறைவான சர்வதேச அதிகாரபூர்வ விலைக்கே அரசிடம் கொடுத்தார்கள். அதனால் கணக்குப் புத்தகத்தில் தெரியும் நஷ்டம் முழுவதும் சுரங்கத்தின் நஷ்டம் அல்ல. ஆனால் 2001 பிப்ரவரி 28ல் மூடியபோது அந்தச் சமாதானம் இல்லை. அப்போது நிஜமாகவே கையைக் கடித்தது.

வெள்ளைக்காரன் நல்லதையெல்லாம் அள்ளிக்கொண்டு எச்சத்தைக் கொடுத்துவிட்டுப் போனான் என்று ஊரில் சொல்வார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. தரம் நிறைந்த மேல்பகுதி ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிர்வாகத்தில் இருந்த லண்டன் கம்பெனிகளின் காலத்திலேயே போய்விட்டது.

வெண்கலப்பானை
ஜான் டெய்லர்தான் கண்டுபிடிச்சவரா? லாவெல்னு ஒருத்தர் பேரும் அடிபடுதே.

பழங்கணக்கு
இருவருமே கண்டுபிடிக்கவில்லை. அங்கே தங்கம் இருப்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும், வெகுகாலமாக மண்ணை அலசியும் குழி தோண்டியும் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1802ல் நில அளவைக்கு வந்த லெப்டினன்ட் ஜான் வாரன் உரிகம், மாரிகுப்பம் பக்கம் அதைப் பார்த்து எழுதி வைத்தார். நியூசிலாந்துப் போரில் இருந்துவிட்டு பெங்களூர் கண்டோன்மென்டுக்கு வந்த அயர்லாந்துக்காரர் மைக்கேல் லாவெல் அதைப் படித்துவிட்டு, 1870களில் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினார். பெங்களூரில் லாவெல் ரோடு இருக்கிறதே, அவர் பெயர்தான். தோண்டுவதற்குப் பணம் போதாமல் சில ஆண்டுகளில் உரிமையைக் கைமாற்றிவிட்டார். 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. அவர்களும் முதலில் தவறான இடங்களில் தோண்டிப் பணத்தைக் கரைத்தார்கள். மைசூர் சுரங்கக் கம்பெனியைக் கலைத்துவிடலாம் என்ற கட்டத்தில், பழங்காலக் குழிகளுக்குக் கீழே இறங்கிப் பார்த்தபோதுதான் சாம்பியன் ரீஃப் அகப்பட்டது. முன்னோர் தோண்டிய குழியைப் பின்தொடர்ந்ததுதான் அவர்கள் செய்த புத்திசாலித்தனம்.

கேஜ்மணி
சாம்பியன் ரீஃப்னா ஏதோ தங்கச் சுவர்னு நினைச்சுக்காதீங்க. வெள்ளைப் படிகக்கல் நரம்பு, பல இடத்துல ஒரு மீட்டர் அகலம்தான். வடக்கு தெற்கா சுமார் 8 கிலோமீட்டர் ஓடுது. மேற்குப் பக்கமா சாய்ஞ்சு இறங்கி, ஆழம் போகப் போக ஏறக்குறைய செங்குத்தாயிடும். வடக்கே இருந்து பாலகாட், நந்திதுர்க், உரிகம், சாம்பியன் ரீஃப், மைசூர். அஞ்சு சுரங்கமும் இந்த ஒரே நரம்பு மேல வரிசையா உட்கார்ந்தவை. நந்திதுர்க்ல ஓரியன்டல் லோட்னு தனி நரம்பு ஒண்ணு உண்டு.

ஊதுகாற்று
வெப்பத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே. 3 கிலோமீட்டர் ஆழத்தில் பாறையின் வெப்பம் 65 டிகிரிக்கு மேல். அது ஒரு பக்கம். இன்னொன்று பலருக்குத் தெரியாது: காற்று கீழே இறங்கும்போது தன் எடையாலேயே அழுத்தப்பட்டுச் சூடாகும். உலர்ந்த காற்று ஒரு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 10 டிகிரி ஏறும். மேலே 25 டிகிரியில் அனுப்பினால், பாறையைத் தொடுவதற்கு முன்பே கீழே 50ஐத் தாண்டிவிடும். அதனால் வெறும் மின்விசிறியைப் பெரிதாக்கிப் பயனில்லை. காற்றைக் குளிர்வித்து, ஈரத்தை எடுத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

இதில் ஒரு பொல்லாத முடிச்சு இருக்கிறது. படிகக்கல்லை உலர்வாகத் துளைத்தால் சிலிக்கா தூசி கிளம்பும், நுரையீரல் போய்விடும். தூசியை அடக்கத் துளைக்கும் கருவிக்குள் தண்ணீர் விட வேண்டும். தண்ணீர் விட்டால் காற்றில் ஈரம் ஏறும், வியர்வை உலராது, உடம்பின் சூடு இறங்காது. தூசிக்கு மருந்து வெப்பத்துக்கு விஷம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நாற்பது ஐம்பது வருடம் காற்றோட்டப் பொறியாளர்கள் மல்லுக்கட்டினார்கள்.

வெண்கலப்பானை
பாறை வெடிப்புன்னு சொல்றாங்களே, அது வெடிமருந்து விபத்தா?

கேஜ்மணி
இல்லீங்க. வெடிமருந்துக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. பழைய ஆளுங்க ஏர் பிளாஸ்ட்னு சொல்வாங்க, இப்ப ராக் பர்ஸ்ட்.

மேல இருக்கிற 2, 3 கிலோமீட்டர் பாறையோட எடையைத் தாது நரம்பும் தாங்கிட்டு இருக்கு. அதை வெட்டி எடுத்தா அந்தச் சுமை ஓரத்துல மிச்சம் நிக்கிற பாறை மேல விழும். கோலார் பாறை மெத்துனு நசுங்காது. கண்ணாடி மாதிரி கடைசி வரை தாங்கி, தாங்க முடியாதப்ப ஒரே நொடியில சிதறும். உரிகம் சுரங்கத்துல 1898லயே இது பதிவாகியிருக்கு. பெரிய பர்ஸ்ட்னா மேல ஊர்ல வீட்டுச் சுவர் விரிசல் விடும், பாத்திரம் உருளும்.

எங்க தப்பு நடந்ததுன்னா, ஆரம்பத்துல கண்ட கண்ட இடத்துல வெட்டிட்டு நடுவுல தூணாட்டம் பாறையை விட்டு வச்சாங்க. தாங்கும்னு நினைச்சுத்தான். அந்தத் தூண்ல சுமை குவிஞ்சு அதுவே வெடிச்சது. நரம்பு மடியற இடம், பிளவு குறுக்கே வர்ற இடம் இன்னும் மோசம். சாம்பியன் ரீஃப்ல கிளென் தாதுப் பகுதி இதுக்குப் பேர் போனது. அப்புறம் வழியை மாத்தினாங்க: நடுவுல தூண் விடாம, வெட்டுமுகத்தை ஒரே நீளமா வரிசை தவறாம நகர்த்துறது, வெட்டின வெற்றிடத்தை உடனே நிரப்புறது. முதல்ல கருங்கல்லை அடுக்கி நிரப்பினாங்க. கல்லடுக்கு நடுவுல சந்து இருக்கும், சுமை வந்தா முதல்ல அந்தச் சந்து அமுங்கும், அதுக்குள்ள பாறை நகர்ந்துடும். பிறகு கான்கிரீட்டுக்குப் போனாங்க. அது உடனே சுமையை ஏத்துக்கும். பர்ஸ்ட் நிக்கல, குறைஞ்சது.

மூடின பிறகும் முழுசா அடங்கலை. பம்பு நின்னதும் கீழே தண்ணி ஏற ஆரம்பிச்சது, நில அதிர்வுகளும் பதிவாகியிருக்கு. 1988ல அங்க தொடங்கின தேசிய பாறை இயக்கவியல் நிறுவனத்தோட அடிப்படையே இந்த ஊரோட அனுபவம்தான்.

மியூவான்
ஒரு சின்ன இடைச்செருகல். தங்கத்துக்காகத் தோண்டின அதே ஆழத்தை இயற்பியலாளர்களும் பயன்படுத்தினார்கள். வானத்திலிருந்து விழும் மியூவான் துகள்கள் மேலே கையளவு இடத்தில்கூட நொடிக்கு ஒன்றாவது வந்துகொண்டே இருக்கும். 2.3 கிலோமீட்டர் பாறைக்குக் கீழே அவை அநேகமாக வடிகட்டப்பட்டுவிடும். மிஞ்சுவதில், பாறையையும் துளைத்துப் போகும் நியூட்ரினோ என்ற துகள் உண்டாக்கிய தடத்தைத் தனியாகப் பிரிக்கலாம். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து, வளிமண்டல நியூட்ரினோவை 1965ல் இங்கேதான் பதிவு செய்தது. அதே ஆண்டு தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் இன்னொரு குழுவும் பதிவு செய்தது. பிறகு புரோட்டான் சிதைவைத் தேடும் சோதனையும் இங்கே நடந்தது. சுரங்கம் நொடித்ததோடு அதுவும் போயிற்று.

தட்டிவீடு
மூணாவது கேள்விக்கு நான் எழுதுறேன்.

சுரங்கத்துக்குள்ள இறங்கின ஆட்கள்ல பெரும்பான்மை அன்றைய வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் போன ஆதிதிராவிட மக்கள். மேஸ்திரி மூலமா ஆள் எடுப்பாங்க. இங்கிலாந்தின் கார்ன்வால்காரர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் மேற்பார்வையில, காவலுக்குப் பஞ்சாபிகள். மேல பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். சரிவுல தொழிலாளிகளுக்கு வரிசையாக் கட்டின லைன் வீடுகள். மூங்கில் தட்டிச் சுவர், ஒரே அறை. இன்னிக்கும் முகவரியில லைன் பேர் இருக்கும்.

ஊர்ல நிலம் கிடையாது, தீண்டாமை, பஞ்சம். இங்கே வேலை ஆபத்தானது, ஆனா கூலி கைக்குக் காசா வரும். அந்தக் காசுல பள்ளிக்கூடமும் அச்சகமும் சங்கமும் நடந்தது. இதைச் சொல்லாம தங்கவயலைப் பத்திப் பேசினா அது வெறும் பொறியியல் பாடம். அயோத்திதாசப் பண்டிதரோட சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்துல கிளை இருந்தது. அவர் 1907ல சென்னையில தொடங்கின ‘தமிழன்’ பத்திரிகை, அவர் 1914ல மறைஞ்ச பிறகு, 1920களின் பிற்பகுதியில தங்கவயல்லேர்ந்து ஜி. அப்பாதுரையார் ஆசிரியரா இருந்து வந்தது. பண்டிதரோட எழுத்துகளைப் புத்தகமாப் போட்டுக் காப்பாத்தினது தங்கவயல் சித்தார்த்தா புத்தகசாலை.

தொழிற்சங்கமும் அப்படித்தான். 1930ல எல்லாரும் கைரேகை வைக்கணும்னு கம்பெனி சொன்னப்ப சுரங்கமே நின்னுச்சு. குற்றவாளிக்குத்தானே ரேகை எடுப்பாங்க, நாங்க யாருன்னு கேட்டாங்க. 1946 நவம்பர் 4ல போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல ஆறு தொழிலாளிகள் செத்தாங்க. கம்யூனிஸ்ட் தலைவர் கே.எஸ். வாசன் காலம் அது. பிற்காலத்துல இந்தியக் குடியரசுக் கட்சியும் அதிமுகவும்கூட கர்நாடகச் சட்டமன்றத்துக்கு இங்கேயிருந்து ஆள் அனுப்பியிருக்கு.

பழங்கணக்கு
கூடவே மின்சாரம். காவிரியில் சிவனசமுத்திரத்தில் 1902ல் மின்நிலையம் கட்டியதே இந்தச் சுரங்கங்களுக்காகத்தான். சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்தார்கள், அந்தக் காலத்தில் அது உலகளவில் மிக நீளமான தடங்களில் ஒன்று. பெங்களூருக்கு வெளிச்சம் வந்தது 1905ல்தான். தண்ணீருக்குப் பாலாற்றின் மேல் இருக்கும் பேத்தமங்கலம் ஏரி.

பாலாறு
இரண்டாவது கேள்வி, மேடு.

தாதுவை ஸ்டாம்ப் மில்லில் இடித்து மாவாக்கி, பாதரசம் பூசிய செப்புத் தகட்டின் மேல் ஓட விடுவார்கள். தங்கம் பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டாததைச் சைனைடு கரைசலில் ஊறவைத்துக் கரைத்து, துத்தநாகத்தைப் போட்டு மீட்பார்கள். மிச்ச மாவைக் கொட்டிய இடம்தான் சைனைடு மேடு. பெரிய மேடுகள் 13, மொத்தம் சுமார் 3.3 கோடி டன். டன்னுக்குச் சராசரி 0.7 கிராம் என்று வைத்தால் 23 டன் தங்கம் வருகிறது. செய்தித்தாளில் பார்க்கும் பெரிய தொகை இதை அன்றைய விலையால் பெருக்கியது.

ஆனால் 23 டன் இருப்பதும் 23 டன் கையில் வருவதும் ஒன்றல்ல. இது ஏற்கெனவே ஒருமுறை சைனைடில் குளித்த மண். சுலபமாகக் கரையக்கூடியது அப்போதே கரைந்துவிட்டது. மிஞ்சியதில் ஒரு பங்கு ஆர்சனோபைரைட் போன்ற கந்தகத் தாதுவுக்குள் சிறைப்பட்டிருக்கிறது. அதை மேலும் நுணுக்கி அரைக்காமல் சைனைடு தொடாது.

குவியலாகக் கொட்டி மேலிருந்து கரைசல் தெளிக்கலாமே என்று கேட்பார்கள். மாவு மிக நயமானது, தண்ணீர் கீழே இறங்காமல் மேலேயே தேங்கும். அதைத் தவிர்க்கச் சிமென்டும் சுண்ணாம்பும் கலந்து உருண்டை பிடித்துப் பிறகு குவிக்க வேண்டும். சுண்ணாம்பு இன்னொன்றுக்கும் கட்டாயம் தேவை: மேட்டு மண் அமிலமாகியிருக்கும். கரைசலின் காரத்தன்மை, அதாவது பிஎச் 10.5க்குக் கீழே இறங்கினால் சைனைடு வாயுவாகப் பறக்கும். பணமும் போகும், ஆளும் போவான். 3 கோடி டன்னைச் சுண்ணாம்பால் சரிக்கட்டும் செலவு யாருடைய தலைப்புச் செய்தியிலும் வராது.

2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இந்த மேடுகள் இருக்கும் ஆயிரத்துச் சொச்சம் ஏக்கரில் வேலை தொடங்க ஒப்புதல் கொடுத்தது. மேடுகளுக்குத்தான். சுரங்கத்தை மறுபடி திறக்கப் போகிறார்கள் என்று வாட்ஸப்பில் வருவதை நம்பாதீர்கள். தண்ணீர் நிரம்பிய சுரங்கத்தை இறைக்கவே ஆண்டுகள் ஆகும், உள்ளே மரமும் இரும்பும் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள்.

வெண்கலப்பானை
அந்த மேட்டு மேல ஏறிப் படம் எடுக்கலாமா? சைனைடு ஆபத்தா?

பாலாறு
பெயரைப் பார்த்து எல்லோரும் சைனைடுக்கே பயப்படுகிறார்கள். மேற்பரப்பில் இருந்த சைனைடு வெயிலிலும் காற்றிலும் பெரும்பாலும் சிதைந்துவிடும். நிற்பது ஆர்சனிக், பறப்பது சிலிக்கா. ஆடி மாதக் காற்றில் மேட்டிலிருந்து காற்று வீசும் திசையில் இருக்கும் லைன்களில் ஜன்னல் திறக்க முடியாது. மேட்டில் செடி பிடிக்க வைப்பதும் சும்மா கன்று நட்டால் நடக்காது: கந்தகத் தாது காற்றுப் பட்டு அமிலமாகிறது, வேர் கருகிவிடும், மக்கும் பொருள் எதுவும் கிடையாது. சுண்ணாம்பு கலந்து, மேலே ஒரு அடியாவது நல்ல மண் போட்டால்தான் புல்லே நிற்கும்.

ஏறாதீர்கள். மழை அரித்த பிளவுகள் மேலே கெட்டியாகத் தெரியும், அடியில் குடைந்திருக்கும். கால் வைத்தால் சரியும். அடிவாரத்தில் மஞ்சள், சிவப்பாகத் தேங்கிய நீரைத் தொட வேண்டாம். திரும்பி வந்ததும் செருப்பை வெளியிலேயே கழுவுங்கள்.

ஊதுகாற்று
அதைவிட முக்கியம்: மூடிய ஷாப்ட், பழைய குழி எதற்குள்ளும் தலையை நீட்டாதீர்கள். உள்ளே மரச்சட்டம் மக்குவதும் கந்தகத் தாது துருப்பிடிப்பதும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். வாசனை இருக்காது, மூச்சு முட்டும் அறிகுறிகூட வராமல் நாலடியில் ஆள் சாய்ந்துவிடுவான். தூக்கப் போகிற இரண்டாவது ஆளும் அங்கேயே விழுவான். தங்கம் தேடி உள்ளே போய் இறந்தவர்கள் பலர் இப்படிப் போனவர்கள்.

தட்டிவீடு
ஒரு நாள் போறவங்களுக்கு: ரயில்ல போங்க. பெங்களூர்லேர்ந்து பங்காருப்பேட்டை 70 கிலோமீட்டர், அங்கேர்ந்து மாரிகுப்பம் 16. இந்தக் கிளைப்பாதை 1894ல சுரங்கத்துக்காகவே போட்டது. கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிகுப்பம்னு ஸ்டேஷன் வரிசையே வடக்கேர்ந்து தெற்கே சுரங்க வரிசை. நீங்க போறது நரம்பு மேலயே. விடியற்காலை எதிர்த்திசை வண்டியைப் பாருங்க, பெங்களூர் வேலைக்குப் போற ஆயிரக்கணக்கான பேர். வெல்டர், ஃபிட்டர், செக்யூரிட்டி, கடை வேலை, ஐடி எல்லாம் அதுல இருக்கும். மூடினப்புறம் ஊரைக் காலி பண்ணாம வச்சிருக்கிறது அந்த வண்டிதான். உள்ளூர்ல பெரிய வேலைன்னா 1964லேர்ந்து இருக்கிற பெமல் தொழிற்சாலை.

மாரிகுப்பத்துல இறங்கி மைசூர் சுரங்கப் பக்கம் வெளியேர்ந்து ஷாப்டு மேல நிக்கிற இரும்புக் கோபுரத்தைப் பாருங்க. உள்ளே கம்பெனி நிலம், காவல் உண்டு, அனுமதி வேணும். ஆட்டோவுல சாம்பியன் ரீஃப் வந்து வெற்றி மாதா கோவில், அப்புறம் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட். பிளேக்குக்கு அப்புறம் 1900களின் தொடக்கத்துல நேர்கோட்டுத் தெருக்களா அளந்து போட்ட ஊர் அது, மைசூர்ல பிரிட்டிஷ் பிரதிநிதியா இருந்த ரெசிடென்ட் ராபர்ட்சன் பேர். கடைப் பலகை கன்னடம், பேரம் தமிழ்.

வெண்கலப்பானை
பங்காருப்பேட்டைன்னா தங்கப்பேட்டைதானே? தங்கவயல்லேர்ந்து வந்த பேருன்னு எழுதலாமா?

பழங்கணக்கு
எழுதாதீர்கள். அது பௌரிங்பேட்டை, மைசூர் கமிஷனர் லூயின் பௌரிங் பெயரில் வைத்தது. பிற்பாடு பங்காருப்பேட்டை ஆனது.

கேஜ்மணி
இன்னொண்ணு. சினிமாவுல கடப்பாரையால சுவரைக் குத்தினா தங்கக்கட்டி உதிருது. சாம்பியன் ரீஃப் தாதுல பெரும்பாலும் கண்ணுக்குத் தங்கமே தெரியாது. வெள்ளைக்கல்லுல சாம்பல் நிறத்துல ஒரு கீற்று ஓடும், அவ்வளவுதான். யாராவது மஞ்சளா மினுக்குற கல்லைக் காட்டி ஆயிரம் ரூபாய் கேட்டா, ஒரு ஊசியால குத்திப் பாருங்க. தங்கம்னா பள்ளம் விழும். போலித்தங்கம்னு சொல்ற பைரைட்னா பொடியா உதிரும்.